மலை வீட்டுக் கீசருக்குப் பிளாஸ்டிக் குழாய் இணைக்கும் முறை

கோத்தகிரியில் உள்ள எங்கள் வீட்டில், ஒரு ஜனவரி மாதக் காலை, குளியலறைக் கீசருக்கு அருகில் இருந்த, எல்போ என்னும் முழங்கை வடிவ இணைப்பு ஒன்று கழன்று அறை முழுவதும் தண்ணீர் நிறைந்தது. கழன்றது வெந்நீர் வெளியே வரும் பக்கத்து எல்போ அன்று. குளிர்ந்த நீர் கீசருக்குள் போகும் பக்கத்து எல்போ. வெந்நீர்ப் பக்கத்தில் முறையாக, வெந்நீரைத் தாங்கும் சிபிவிசி என்னும் பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் குளிர்ந்த தண்ணீர்தானே என்று வெள்ளை நிற யூபிவிசி குழாயைப் போட்டு வேலையை முடித்திருந்தார்கள். கழன்ற துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். குழாயின் முனை வட்டம் மாறி முட்டை வடிவத்தில் சப்பியிருந்தது. பசை பூசிய இடம் வழவழவென்று உருவி வந்திருந்தது. கீசரை ஒட்டிய ஒரு சாண் நீளம் மட்டும் பழுப்பேறி லேசாக வளைந்திருந்தது.

தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் பராமரிப்புப் பணியில் இருந்தவன் என்பதால், காரணம் தெரியாமல் அதே இடத்தில் மறுபடியும் ஒரு குழாயை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தபோது கணக்கு எளிதாகவே இருந்தது. 25 லிட்டர் கீசரில் உள்ள தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 65 டிகிரி வரை சூடேறும்போது அதன் கன அளவு சுமார் 2 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய அரை லிட்டர் கூடுகிறது. குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும் நேரத்தில் அந்த அரை லிட்டருக்கு வேறு வழி இல்லை. வந்த வழியே, குளிர்நீர்க் குழாய்க்குள் திரும்பிப் போகிறது. அரை அங்குலக் குழாயில் அரை லிட்டர் என்பது கிட்டத்தட்ட 3 மீட்டர் நீளத்தை நிரப்பும் அளவு. எங்கள் கீசரின் உள்வாயில் இருந்திருக்க வேண்டிய ஒருவழி வால்வைப் பொருத்தாமல் விட்டிருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு காலையும் அந்த வெள்ளைக் குழாய் சூடான நீரைத் தாங்கிக்கொண்டிருந்தது. யூபிவிசி 60 டிகிரிச் சூட்டை எட்டும்போது, சாதாரண வெப்பநிலையில் அது தாங்கும் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே அதற்கு மிஞ்சுகிறது.

சமவெளியில் இதே தவறு பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருக்கலாம். மலையில் அப்படி இல்லை. இங்கே தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே பனிக்காலத்தில் கை மரத்துப்போகும் குளிரில் வருகிறது. கீசரின் சூட்டுக்கும் அதற்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது. அதோடு, சரிவில் கட்டிய வீடுகளில் தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் இருப்பதைவிட வீட்டுக்குப் பின்னால் மேட்டின்மேல் இருப்பதே அதிகம். இந்த இரண்டையும் கணக்கில் கொண்டு குழாய் இணைக்க வேண்டும் என்பதற்காகவே, எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் நான் பின்பற்றிவரும் முறையை இங்கே எழுதுகிறேன்.

குழாயைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் வெள்ளை நிறக் குழாய் யூபிவிசி. அது குளிர்ந்த நீருக்கு மட்டும் உரியது. வெளிர்மஞ்சள் கலந்த தந்த நிறத்தில் இருப்பது சிபிவிசி. கீசருக்கு வேண்டியது இதுவே. நிறத்தை மட்டும் நம்பாமல், குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் வரியைப் படித்து வாங்க வேண்டும். அதில் ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர எண்ணும், எஸ்டிஆர் 11 அல்லது எஸ்டிஆர் 13.5 என்ற குறிப்பும் இருக்கும். எஸ்டிஆர் எண் குறைந்தால் குழாயின் சுவர் தடித்தது என்று பொருள். எஸ்டிஆர் 11 குழாய் சாதாரண வெப்பநிலையில் சதுர சென்டிமீட்டருக்கு 28 கிலோ அழுத்தத்தையும், 82 டிகிரியில் 7 கிலோவையும் தாங்கும், எஸ்டிஆர் 13.5 குழாய் 82 டிகிரியில் 5.6 கிலோ தாங்கும். விலை வேறுபாட்டைப் பார்க்காமல், மலை வீடுகளுக்கு எஸ்டிஆர் 11 குழாயையே வாங்குங்கள் என்பது என் கருத்து. காரணம் அழுத்தம்: நீர்மட்டம் 10 மீட்டர் உயர்ந்தால் அழுத்தம் ஒரு கிலோ கூடும். மேட்டின்மேல் 40 மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து நேராகத் தண்ணீர் வரும் வீட்டில், குளியலறைக் குழாய்க்குள் எந்நேரமும் 4 கிலோ அழுத்தம் நின்றுகொண்டிருக்கிறது. மாடித் தொட்டி மட்டும் உள்ள வீட்டில் அது ஒரு கிலோவைக்கூடத் தாண்டாது.

கீசரின் மேல் ஒட்டியுள்ள தகட்டில் அது தாங்கும் அழுத்தம் குறிப்பிடப்பட்டிருக்கும். தொட்டியின் உயரத்தை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கீசரை வாங்க வேண்டும். தொட்டி மிக உயரத்தில் இருந்தால், வீட்டுக்குள் குழாய் நுழையும் இடத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்துவது நல்லது. அல்லது மொட்டை மாடியில் சிறிய தொட்டி வைத்து, மேட்டுத் தண்ணீரை அதில் விழச் செய்து, அங்கிருந்து வீட்டுக்குள் எடுக்கலாம். செலவு குறைவாகவும் பழுது இல்லாமலும் இருப்பது இந்த இரண்டாவது வழி.

குழாய்களின் வெளி விட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அரை அங்குலச் சிபிவிசி குழாயின் வெளி விட்டம் 15.9 மில்லிமீட்டர், அரை அங்குல யூபிவிசி குழாய்க்கு அது 21.3 மில்லிமீட்டர். பெயரளவில் இரண்டும் அரை அங்குலம் என்றாலும், ஒன்றின் எல்போவில் மற்றது சேராது. அடுப்பில் காட்டி இளக்கி, ஒன்றை மற்றொன்றுக்குள் திணித்து ஒட்டுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்படிச் சுட்ட குழாயின் சுவர் அந்த இடத்தில் மெலிந்து, கருகியும் போகிறது. கசிவு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். வீட்டின் பழைய குழாய் யூபிவிசியாகவோ ஜிஐ எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாகவோ இருந்தால், பித்தளைத் திருகு பதித்த அடாப்டர்களைக் கொண்டு திருகி இணைப்பதே சரியான முறை. கடைகளில் எம்ஏபிடி, எஃப்ஏபிடி என்று கேட்டால் கொடுப்பார்கள். முதலாவது வெளித்திருகு உள்ளது, இரண்டாவது உள்திருகு உள்ளது. முழுவதும் பிளாஸ்டிக்கில் திருகு வெட்டிய அடாப்டரை வெந்நீர்ப் பக்கத்தில் எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அந்தத் திருகு நாளடைவில் தளர்ந்துவிடும்.

இரண்டு பக்கமும் ஒரே குழாய்

இனி இணைப்புக்கு வருகிறேன். கீசரின் அடியில் இரண்டு வாய்கள் இருக்கும். நீல வளையம் உள்ளதில் குளிர்ந்த நீர் நுழைகிறது, சிவப்பு வளையம் உள்ளதில் வெந்நீர் வெளிவருகிறது. என் வீட்டு அனுபவத்துக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட விதி: நீலப் பக்கத்திலும் குளியலறைக்குள் முழுவதும் சிபிவிசி குழாய்தான். அவ்வளவு முடியாவிட்டால், கீசரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் நீளத்துக்காவது அது இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் குழாயை நேராகக் கீசரின் வாயில் திருகக் கூடாது. சுவரிலிருந்து வெளிவரும் இரண்டு இடங்களிலும் பித்தளை எல்போவைப் பதித்து, அங்கிருந்து கீசர் வரை எஃகுக் கம்பி பின்னிய கனெக்‌ஷன் பைப்பை மாட்ட வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதிக்கும் நாளில், முதல் அடியைத் தாங்குவது இந்த இடைப்பகுதியே. சிபிவிசி குழாய்க்கு 93 டிகிரி என்பது மேல் எல்லை. கனெக்‌ஷன் பைப் வாங்கும்போது வெந்நீருக்கு உரியதுதானா என்று உறையில் பார்த்து வாங்குங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் நட்டு உள்ள மலிவான பைப் கைகழுவும் தொட்டிக்குப் போதும், கீசருக்கு ஆகாது.

நீலப் பக்கத்தில் வரிசை இப்படி அமையும்: சுவரிலிருந்து தண்ணீரை மூடித் திறக்கும் ஆங்கிள் வால்வு, அதன்பின் கனெக்‌ஷன் பைப், அதன்பின் கீசருடன் கொடுக்கப்படும் பாதுகாப்பு வால்வு, அதன்பின் கீசரின் வாய். அந்தப் பாதுகாப்பு வால்வுக்குள்ளேயே தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வும், அழுத்தம் மிகுந்தால் திறந்து நீரை வெளியேற்றும் அமைப்பும் இருக்கின்றன. அதன் உடலில் உள்ள அம்புக்குறி கீசரை நோக்கி இருக்க வேண்டும். அதற்கும் கீசருக்கும் நடுவில் வேறு எந்த வால்வும் வரக் கூடாது. வால்வின் பக்கவாட்டில் உள்ள சிறு துளையிலிருந்து கீசர் ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். முன்பு சொன்ன அரை லிட்டர்தான் அப்படி வெளியே வருகிறது. அது பழுது அன்று. ஒரு வீட்டில் அந்தச் சொட்டைத் தொந்தரவாக நினைத்து, துளையில் மரக்குச்சியைச் செதுக்கி அடைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். மூடிய கொள்கலனில் சூடாகும் நீருக்கு இருந்த ஒரே வழியை அடைப்பது, வீட்டுக்குள் வெடி வைப்பதற்கு ஒப்பாகும். சொட்டு நீரை ஒரு மெல்லிய குழாய் வழியே கீழ்நோக்கி இறக்கித் தரை வடிகாலில் விடுங்கள். அந்தக் குழாயின் முனை எப்போதும் திறந்தே இருக்கட்டும். கீசர் அணைந்திருக்கும்போதும் விடாமல் ஒழுகினால், தொட்டியிலிருந்து வரும் அழுத்தம் மிகுதி என்றோ வால்வு தேய்ந்துவிட்டது என்றோ பொருள்.

பித்தளைத் திருகுகளில் டெஃப்லான் டேப்பைத் திருகும் திசையிலேயே ஐந்தாறு சுற்று இறுக்கமாகச் சுற்ற வேண்டும். சணலும் பெயிண்டும் வைத்துத் திருகும் பழைய வழக்கம் இரும்புக் குழாய்க்கு ஏற்றது. எண்ணெய் கலந்த பூச்சுகள் சிபிவிசியைக் காலப்போக்கில் அரித்து வெடிக்கச் செய்யும். கையால் முடிந்தவரை திருகிவிட்டு, அதற்குமேல் ஒன்று, ஒன்றரைச் சுற்றுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கனெக்‌ஷன் பைப்பின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருப்பதால் அங்கே டேப் தேவையில்லை.

வெட்டுதலும் ஒட்டுதலும்

குளிரில் சிபிவிசி குழாய் எளிதில் நொறுங்கும் தன்மையை அடைகிறது. கேத்தி, அவலாஞ்சி பக்கம் உறைபனி விழுந்த காலையில், வெளியே கிடந்த குழாயை எடுத்து உடனே கத்தரிக் கட்டரால் வெட்டினால், முனையில் தலைமுடி போன்ற விரிசல் ஓடிவிடும். அது அப்போது கண்ணுக்குத் தெரியாது. வெந்நீர் ஓடிய சில வாரங்களில் அந்த விரிசல் நீளும். ஆகவே குழாயை முந்தைய இரவே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்து, பல் நெருங்கிய ஹாக்சா பிளேடால் நேராக அறுப்பது பாதுகாப்பானது. அறுத்த முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். விரிசல் தெரிந்தால், அது முடியும் இடத்துக்கு அப்பால் இரண்டு அங்குலம் தள்ளி மீண்டும் அறுக்க வேண்டும். உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் உள்ள பிசிறுகளைக் கத்தியால் சீவி, வெளிவிளிம்பை லேசாகச் சாய்த்துவிடுங்கள். இல்லையேல் உள்ளே தள்ளும்போது அந்த விளிம்பே பசையை வழித்துக்கொண்டு போய்விடும்.

பசை பூசாமல் குழாயை எல்போவுக்குள் தள்ளிப் பார்த்தால், அது மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் வரை இறங்கி அங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். அடிவரை தளர்வாக இறங்கினால் அந்த எல்போவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து ஈரம். தென்மேற்குப் பருவ மாதங்களில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து நிற்பதால், துடைத்து வைத்த குழாயின்மேலும் சில நிமிடங்களில் நீர்த்துளி படிகிறது. பசை பூசுவதற்குச் சற்று முன், உலர்ந்த பருத்தித் துணியால் குழாயையும் எல்போவின் உட்புறத்தையும் துடைப்பதை ஒரு முறைகூடத் தவறவிடக் கூடாது.

பசை, சிபிவிசி என்று குறிப்பிட்ட சால்வென்ட் சிமென்ட்டாகவே இருக்க வேண்டும். யூபிவிசி பசை கொண்டு ஒட்டியது குளிர்ந்த நீரில் நிற்கும், வெந்நீரில் நிற்காது. டப்பாவுக்குள் பசை கூழாகக் கட்டியிருந்தால் அதை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். குளிரில் இறுகிவிட்டது என்று அடுப்பருகே வைத்து இளக்க முயல வேண்டாம். அது சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். குழாயின்மேல் தாராளமாக ஒரு பூச்சும், எல்போவின் உள்ளே மெல்லிய பூச்சும் கொடுத்து, உடனே உள்ளே தள்ளிக்கொண்டே கால் சுற்று திருப்பி, அடி தட்டியதும் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். 10 விநாடி போதும் என்பார்கள். இங்கத்திய குளிரில் நான் அரை நிமிடம் பிடிக்கிறேன், ஏனெனில் கையை விட்டால் குழாய் மெல்லப் பின்வாங்குவதை உணர முடிகிறது. இணைப்பைச் சுற்றிப் பசை ஒரு மணிவடம்போல முழு வட்டமாகப் பிதுங்கி நின்றால் பூச்சு சரி. எங்காவது விட்டுப்போயிருந்தால் அந்த இணைப்பை வெட்டியெறிந்து புதிதாகச் செய்யுங்கள். பித்தளை அடாப்டரை முதலில் திருகி முடித்துவிட்டுப் பிறகு குழாயை அதில் ஒட்டுவது நல்லது. ஒட்டியபின் திருகினால் ஈரமான இணைப்பு முறுகும்.

பசை உலரும் நேரம் வெப்பநிலை குறையக் குறையக் கூடுகிறது. டப்பாவில் அச்சிட்ட அட்டவணையில் குளிர்காலத்துக்கு உரிய வரியைப் பாருங்கள். பனிக்காலத்தில் நான் ஒரு முழு நாள் விட்டுத்தான் வெந்நீரைத் திறக்கிறேன்.

குழாய் நீள்வதற்கு இடம்

சிபிவிசி குழாய் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிச் சூட்டுக்கும் சுமார் 0.06 மில்லிமீட்டர் நீள்கிறது. 10 டிகிரியில் கிடந்த 4 மீட்டர் குழாயில் 60 டிகிரி வெந்நீர் ஓடும்போது அது 12 மில்லிமீட்டர் நீளும். ஒரு விரற்கடைக்குச் சற்றுக் குறைவு. குழாயின் இரு முனைகளையும் சுவரில் அசையாமல் கட்டிவிட்டால், அந்த நீட்சி முழுவதும் எல்போக்களின்மேல் விழும். அதனால் கிளாம்பை 90 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அடித்து, குழாய் அதற்குள் வழுக்கிப் போகும்படி தளர்வாக விட வேண்டும். நீண்ட நேர் ஓட்டத்தின் நடுவில் இரண்டு எல்போ வைத்து ஒரு திருப்பம் கொடுத்தால் நீட்சியை அது வாங்கிக்கொள்ளும். சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் சற்றுப் பெரிய குழாய்த் துண்டை உறையாகப் போடுங்கள். மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை சிபிவிசி குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கவும் விடக் கூடாது; அந்த உறையை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் குழாயைக் கெடுக்கும். வீட்டுக்கு வெளியே செல்லும் பகுதிக்குப் பாலிஎத்திலீன் நுரை உறை மாட்டினால், வெந்நீரின் சூடு காக்கப்படுவதோடு, உறைபனி இரவில் உள்ளே நிற்கும் நீர் உறைந்து குழாய் பிளப்பதும் குறையும்.

விறகு பாய்லர் உள்ள வீடுகள் நீலகிரியில் இன்னும் நிறைய உண்டு. அதன் சூட்டைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட் கிடையாது; தீ எரியும் வரை சூடு ஏறிக்கொண்டே போகும். நீராவியும் வரும். ஆகையால் பாய்லரிலிருந்து புறப்படும் முதல் இரண்டு மீட்டரும் ஜிஐ அல்லது செம்புக் குழாயாக இருக்க வேண்டும். ஆவி வெளியேறும் குழாயும் தனியே வேண்டும். வெட்டி மிஞ்சிய சிபிவிசி துண்டுகளைப் பாய்லர் அடுப்பில் போடுவது பலருக்கும் வழக்கம். அது எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அமில வாயு இருக்கிறது. அந்தப் புகை குழந்தைகள் குளிக்கும் அறைக்குள் வருவது எனக்குப் பொறுக்கவில்லை. துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பழைய பிளாஸ்டிக் வாங்குவோரிடம் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் விட்டுப் பார்த்தல்

மின்சாரத்தைத் தொடுவதற்கு முன், ஆங்கிள் வால்வைத் திறந்து, குளியலறை வெந்நீர்க் குழாயையும் திறந்து வையுங்கள். முதலில் காற்று சீறும். பின் நீர் விட்டுவிட்டு வரும். இடைவிடாமல் சீராக வந்த பிறகே கீசர் நிறைந்ததாகக் கொள்ள வேண்டும். காலியான கீசரை ஓடவிட்டால் நீரைச் சூடாக்கும் அதன் எலிமென்ட் எரிந்துபோகும். குழாயை மூடி ஒரு மணி நேரம் காத்திருந்து, ஒவ்வோர் இணைப்பையும் செய்தித்தாள் துண்டால் ஒற்றிப் பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் காகிதம் காட்டிக்கொடுக்கும்.

மின்சாரத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய இரும்புக் குழாய் இருந்த காலத்தில், கீசரில் கசியும் மின்சாரத்தில் ஒரு பகுதி குழாய் வழியாகவே மண்ணுக்குப் போனது. அதை நம்பியிருக்கக் கூடாதுதான். ஆனாலும் அது நடந்தது. பிளாஸ்டிக் குழாய்க்கு மாறியபின் அந்த வழி அறவே இல்லை. ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில் எர்த் கம்பி உண்மையாகவே மண்ணோடு சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்திய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

முதல் முறை சூடேறி ஆறியதும் நட்டுகளை ஒரு தடவை சரிபாருங்கள். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும், உறைபனி தொடங்குமுன், கீசரை அரை மணி நேரம் ஓடவிட்டு, நீலப் பக்கத்துக் குழாய் சுவரிலிருந்து வெளிவரும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். அது சில்லென்று இருந்தால் ஒருவழி வால்வு தன் வேலையைச் செய்கிறது. வெதுவெதுப்பாக இருந்தால், மின்சாரத்தை நிறுத்தி, ஆங்கிள் வால்வை மூடி, கீசர் நன்றாக ஆறிய பின் அதில் உள்ள நீரை வடித்துவிட்டு, பாதுகாப்பு வால்வைக் கழற்றி, உள்ளே மணலோ துருவோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்துக் கழுவுங்கள். கழுவியும் சரியாகாவிட்டால் அன்றைக்கே புதியது வாங்கி மாட்டிவிடுங்கள்.